கராத்தேயா, சிலம்பமா, ஜூடோவா?

கோடை விடுமுறை வந்தால் தெருவுக்குத் தெரு பேனர் கட்டிவிடுவார்கள்: "தற்காப்பு, உடல் தகுதி, ஒழுக்கம்." மூன்றும் ஒரே ஃபீஸில். அதைப் பார்த்துவிட்டு நண்பர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பொண்ணுக்கு 12 வயசு. கராத்தேல சேர்க்கட்டுமா, சிலம்பத்துலயா, ஜூடோவா?"

நான் எந்தக் கலையிலும் பிளாக் பெல்ட் வாங்கினவன் இல்லை. வேலை மென்பொருள். மிச்ச நேரத்தில் இந்த மாதிரி விஷயங்களைத் தோண்டிப் பார்க்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். தோண்டினதில் எனக்குப் பட்டது இது: அந்த பேனரில் இருப்பது மூன்று தனித்தனி தேவைகள். ஒவ்வொன்றையும் தனியா சோதிச்சுப் பார்க்கணும். அதில் இரண்டு ஒன்றோடொன்று மோதவும் செய்யும்.

முதலில் பழமை

"இது 2000 வருஷத்துக் கலை" என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் வாக்கியம். நம்ம ஊரில் கூடவே போதிதர்மரும் வந்துவிடுவார். '7ஆம் அறிவு' (2011) படத்துக்குப் பிறகு, காஞ்சிபுரத்திலிருந்து போனவர்தான் ஷாவோலினுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பது பலருக்கு வரலாறாகவே ஆகிவிட்டது. போதிதர்மர் 5, 6-ம் நூற்றாண்டுக்காரர். அவர் பெயரில் சொல்லப்படும் 'யீஜின் ஜிங்' 17-ம் நூற்றாண்டில்தான் வெளியே தெரிகிறது. அதுவும் உடற்பயிற்சி நூல், சண்டை நூல் இல்லை. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930 வாக்கிலேயே இந்தக் கதையை மறுத்து எழுதிவிட்டார்.

கதை உண்மையாகவே இருந்தாலும் நம் கேள்விக்கு அது உதவாது. டேக்வாண்டோ என்ற பெயர் வந்தது 1955-ல். ஜூடோ தொடங்கியது 1882-ல். ஒரு கலையின் வயசை வைத்து அது வேலை செய்யுமா என்று சொல்ல முடியாது.

கானோ எதைக் கழித்தார்?

ஜூடோவைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் கதையில் நமக்கு வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. டோக்கியோவில் ஒரு கோயிலின் சின்ன இடத்தில் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு 21 வயசு. அதற்கு முன்பே பழைய ஜூஜுட்சுவில் இரண்டு மரபுகளைக் கற்றிருந்தார். அவற்றில் ஆளை முடமாக்கும் அடிகளும் பிடிகளும் உண்டு. அவற்றைக் கூட்டாளி மேல் முழு பலத்தோடு பழக முடியாது. பழகினால் மறுநாள் கூட்டாளி வரமாட்டார்.

கானோ என்ன பண்ணினார்? அடி, குத்து எல்லாவற்றையும் 'கட்டா' என்ற ஒழுங்கமைத்த பயிற்சிக்குள் ஒதுக்கிவிட்டார். தூக்கிப் போடுவது, பிடித்து அமுக்குவது போன்றவற்றை 'ராண்டோரி' என்ற எதிர்ப்புப் பயிற்சிக்கு வைத்தார். அதில் இரண்டு பேரும் நிஜமாகவே முயற்சி செய்வார்கள், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆபத்தானதைக் கழித்ததால், மிச்சமிருந்ததை எதிர்க்கிற ஆள் மேல் ஆயிரக்கணக்கான தடவை செய்துபார்க்க முடிந்தது. ஒரு தடவைகூட ரன் பண்ணாத பிரமாதமான கோடைவிட, தினமும் ஓடி அடிவாங்கித் திருந்தின சுமாரான கோடை நான் நம்புவேன். அதே கணக்குதான். குத்துச்சண்டை, மல்யுத்தம், முவே தாய் எல்லாம் இந்த வகையில் வரும்.

கராத்தேயின் பாதை வேற. ஒகினாவாவில் அன்கோ இடோசு 1900-களின் தொடக்கத்தில் அதைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார். 1908-ல் கல்வித்துறைக்கு அவர் எழுதிய கடிதம் கராத்தேயை உடல்நலத்துக்கான பயிற்சியாகவும் பரிந்துரைக்கிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று, எண்ணிக்கைக்கு ஏற்பக் காற்றில் குத்துவது அந்தப் பள்ளிக்கூடச் சூழலுக்கு நன்றாகப் பொருந்துகிற முறை. டோக்கியோவுக்கு 1922-ல் கராத்தேயைக் கொண்டுவந்த ஃபுனாகோஷிக்குப் போட்டிச் சண்டை பிடிக்கவில்லை. ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் தேசியப் போட்டி அவர் இறந்த 1957-ல்தான் நடந்தது. இன்னொரு பக்கம், ஓயாமாவின் கியோகுஷின் பிரிவு முழுத் தாக்குதல் சண்டைக்கே போனது. இரண்டுக்கும் பெயர் கராத்தேதான். அதனால் போர்டில் இருக்கிற பெயரை வைத்து உள்ளே என்ன நடக்குதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

"சண்டைக்கு எது பெஸ்ட்னு யுஎஃப்சி நிரூபிச்சுடுச்சே" என்பார்கள். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் போட்டியில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை வென்றது உண்மை. ஆனால் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் அவருடைய அண்ணன். டெஸ்ட் கேஸ் எழுதினவரே பொருளையும் விற்கிறார். கீழே மெத்தை, எதிரே ஒரே ஆள், கையில் ஆயுதம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் அப்படி இருக்காது.

உடல் தகுதியை அளக்கலாம்

இது சுலபம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும், கடுமையான உழைப்பென்றால் 75 முதல் 150 நிமிடம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம். ஒரு நாள் கிளாஸில் ஓரமாக உட்கார்ந்து போன் ஸ்டாப்வாட்சை வைத்துப் பாருங்கள். வரிசையில் நிற்கிற நேரம், மாஸ்டர் பேசுகிற நேரம், தன் முறைக்குக் காத்திருக்கிற நேரம் எல்லாம் கழித்தால் என்ன மிஞ்சுது? இந்தத் தேர்வில் ஒரு நல்ல சிலம்ப ஆசான் சுலபமாக ஜெயிப்பார். கால், தோள், மணிக்கட்டு எதற்கும் ஓய்வு இருக்காது.

எதிர்ப்புப் பயிற்சிக்கு விலையும் உண்டு. ஜப்பான் பள்ளிகளில் 1983 முதல் சுமார் 30 ஆண்டுகளில் ஜூடோவில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். தலைக் காயம் ஒரு முக்கியக் காரணம். முதலாண்டு மாணவர்கள் அதில் அதிகம். ஒழுங்காக விழக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தூக்கிப் போட அனுமதிக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். என்னைப்போல நாற்பதைத் தாண்டினவர்களுக்கு 'உகேமி' என்ற அந்த விழும் பயிற்சியே நல்ல தற்காப்பு. நம்மை ரவுடி அடிப்பதைவிட பாத்ரூமில் வழுக்கி விழுகிற வாய்ப்புதானே அதிகம்?

ஒழுக்கமும் தற்காப்பும்

12 வயசுப் பெண்ணுக்கு எதிலிருந்து தற்காப்பு? பேனரில் இருட்டுச் சந்து, முகம் தெரியாத ஆள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்வது வேற: பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர்.

கனடாவில் சார்லீன் சென் குழு இதைச் சோதித்தது. முடிவு 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. மூன்று பல்கலைக்கழகங்கள், 893 முதலாண்டு மாணவிகள், குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு மொத்தம் 12 மணி நேரப் பயிற்சி. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாத பிரிவில் 9.8 சதவீதம், பெற்றதில் 5.2 சதவீதம். அந்த 12 மணி நேரத்தில் உதை, குத்து ஒரு பகுதிதான். தெரிந்த ஆண் எப்போது எல்லை மீறுகிறான் என்று கண்டுகொள்வது, "இவரைப் போய் எப்படி" என்ற தயக்கத்தை உடைப்பது, சத்தம் போடுவது ஆகியவையும் பாடம். அவர்கள் வளர்ந்த மாணவிகள். சிறுமிகளுக்கு அதே எண்களை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் எந்தத் திசையில் பார்க்கணும் என்று தெரிகிறது.

இங்கேதான் அந்த பேனரோடு எனக்குச் சண்டை. பல கிளாஸ்களில் 'ஒழுக்கம்' என்றால் மாஸ்டர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வது. குனிந்து வணக்கம், "எஸ் மாஸ்டர்", எதிர்த்துப் பேசினால் தண்டால். பெற்றோருக்கும் அதுதான் பிடிக்கிறது. தனக்குத் தெரிந்த, மதிக்கவேண்டிய ஒரு பெரியவரிடம் "வேண்டாம், கையை எடுங்க" என்று சொல்ல வேண்டிய பிள்ளைக்கு, பெரியவர் சொன்னால் கேள் என்பதை வாரம் மூன்று நாள் பழக்குகிறோம். மாஸ்டரும் தெரிந்த பெரியவர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதனால் நண்பர்களிடம் இப்போது நான் சொல்வது: கலையின் பெயரை விடுங்க. சேர்ப்பதற்கு முன் நாலு விஷயம் பாருங்க.

1. வாரத்தில் எத்தனை நிமிடம் எதிர்க்கிற கூட்டாளியோடு பயிற்சி?
2. விழுவதை முதலில் சொல்லித் தருகிறார்களா? தலையில் அடிபட்டால் அன்றே நிறுத்துகிறார்களா?
3. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாமா?
4. பிள்ளை "இது எனக்கு வலிக்குது, செய்யமாட்டேன்" என்றால் மாஸ்டர் என்ன செய்கிறார்?

நாலாவதுக்கு வாயால் பதில் வாங்காதீங்க, நேரில் பாருங்க. நாலும் சரியாக இருந்தால், பொண்ணுக்கு எது பிடிக்குதோ அதில் சேருங்க; பிடித்ததில்தான் ரெண்டு வருஷம் நிற்பாள். கராத்தே, சிலம்பம், ஜூடோ எதுவானாலும் சரி. தெரிந்த மாமாவானாலும் கத்தலாம், கத்தினால் வீட்டில் திட்டு விழாது என்பதை மட்டும் எந்த கிளாஸும் உங்களுக்காகச் சொல்லித்தராது. அதை அவளிடம் நீங்கதான் சொல்லணும், ஒரு தடவைக்கு மேல.