இராமனிடம் கணக்குக் கேட்டவர்

ஹைதராபாத் கோல்கொண்டா கோட்டையில் 'இராமதாசு சிறை' என்று ஒரு கூடத்தைக் காட்டுகிறார்கள். அதன் சுவரில் இராமர், இலட்சுமணர், அனுமன் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சிறையிலிருந்தபோது இராமதாசரே அவற்றைச் செதுக்கினார் என்பது வழிவழி நம்பிக்கை.

இயற்பெயர் கஞ்சர்ல கோபன்னா. 17-ஆம் நூற்றாண்டில் குதுப் ஷாஹி அரசில் தாசில்தாராக இருந்தவர். வசூலான வரிப்பணத்தை எடுத்துப் பத்ராசலத்தில் இராமர் கோயில் கட்டினார் என்று தானாஷா மன்னர் அவரைச் சிறையில் அடைத்தார். 12 ஆண்டுகள் அங்கே கிடந்தார் என்கிறது மரபு. அந்தக் காலத்துப் பாடல்களாகச் சொல்லப்படுபவை இன்றும் நம் பஜனை மடங்களில் ஒலிக்கின்றன.

துன்பத்தில் இறைவன் துணை என்றால் பொறுமையைத்தான் நமக்குப் போதிப்பார்கள். இராமதாசர் பொறுக்கவில்லை. 'இக்ஷ்வாகு குலதிலகா' கீர்த்தனையில் பரதனுக்குப் பச்சைக்கல் பதக்கம், சத்ருக்னனுக்குப் பொன் அரைஞாண், சீதைக்குப் பதக்கம் என்று செய்துபோட்ட நகைகளை வரிசையாகச் சொல்லிக் காட்டுகிறார். இதெல்லாம் உன் அப்பன் தசரதன் கொடுத்ததா, மாமனார் சனகன் அனுப்பியதா என்று இராமனையே மடக்குகிறார். பிறகு, அடி தாங்காமல் திட்டிவிட்டேன், மனம் நோகாதே என்று அவனையே சமாதானமும் செய்கிறார். பார்வை போனபோது திருவாரூர்ச் சிவனிடம் சண்டைக்கு நின்ற நம் சுந்தரரும் இதே உரிமை கொண்டாடியவர்தான். இந்த வழிபாட்டின் பெரும்பலம் இதுவே. கோபத்தை மறைக்கச் சொல்லாத பக்தி இது. திட்டுவதற்கு ஒருவன் எதிரே இருக்கிறான் என்ற உறுதி, தனிமைச் சிறையில் எவ்வளவு பெரிய துணை! 'எல்லாம் கடவுள் சோதனை' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் சொல்லும் ஆறுதல் அழுகிறவர் வாயை அடைக்கிறது. இந்தப் பாட்டு வாயைத் திறந்துவிடுகிறது.

குறை, கதையின் முடிவில் இருக்கிறது. இராமனும் இலட்சுமணனும் இளைஞர்களாக வந்து தானாஷாவிடம் ஆறு லட்சம் வராகன் பொற்காசைக் கட்டி இராமதாசரை மீட்டார்களாம். தியாகராஜரே தம் கீர்த்தனையில் இராமதாசரின் விடுதலையைக் குறிப்பிட்டு உருகுகிறார், நானும் உருகியிருக்கிறேன். ஆனால் இந்த முடிவையே ஆறுதலாக நீட்டும்போது, மீட்பு வராதவர் கதி என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தன் பக்திதான் போதவில்லையோ என்று குமைகிறாள். இதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

இன்னொன்றும் உறுத்துகிறது. கோயிலுக்குப் போன அந்த வரியைக் கட்டிய குடியானவர்கள் கதையில் எங்குமே இல்லை. இராமனிடம் அத்தனை கணக்குக் கேட்கும் நாம், அவர்கள் கணக்கைக் கேட்பதே இல்லை. பக்தி மனிதர் செய்ததை மூடிமறைக்கும் இடம் இது.

ஆகவே என் தீர்ப்பு: பாட்டை வைத்துக்கொள்வோம், அற்புதத்தை வாக்குறுதியாக்க வேண்டாம். துன்பத்தில் இருப்பவரிடம் ஆறு லட்சம் வராகன் கதையைச் சொல்லாதீர்கள். அவர் சாமியைத் திட்டினால் தடுக்காதீர்கள். கடனோ, வழக்கோ, வைத்தியமோ, உங்களால் ஆனதைச் செய்து கொடுங்கள்.