மணல் லாரி வரும் நேரம்

மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில், எண்ணெய்க்காகப் பாறை பிளக்கும் திடலுக்குப் போகிறவர்கள் வரிசையாய் உறுமும் பம்ப் லாரிகளைத்தான் வியப்பார்கள். எனக்குப் பிடித்தது அவற்றின் பின்னாலிருக்கும் அட்டவணை.

அருகருகே இரண்டு கிணறுகள். ஒன்றில் நீரும் மணலும் உயர் அழுத்தத்தில் இறங்கும்போதே, மற்றதில் வடக்கம்பிக் குழு அடைப்பானை இறக்கி, வெடிமருந்தால் குழாயில் துளையிட்டுவிடும். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். இதை ஜிப்பர் ஃப்ராக் என்கிறார்கள். பம்புகள் சும்மா நிற்பதே அபூர்வம்.

இந்த ஒழுங்கைக் குலைக்க மணல் ஒன்றே போதும். ஒரு கிணறே ஆயிரக்கணக்கான டன் விழுங்கும். லாரி தாமதித்தால் அத்தனையும் நிற்கும். முன்பெல்லாம் மணல் விஸ்கான்சினிலிருந்து ரயிலில் வந்தது. 2017 முதல் படுகையிலேயே உள்ள கெர்மிட் ஊர்ப் பக்கத்து மணல்மேடுகளில் அள்ளுகிறார்கள். உள்ளூர் மணல் அவ்வளவு உறுதியானதல்ல, ஆனாலும் போக்குவரத்துச் செலவு வென்றுவிட்டது.

மணலோடு இறங்கும் தண்ணீருக்கான சண்டை தனிக்கதை. வறண்ட பூமியில் அது நியாயமான சண்டையும்கூட. எண்ணெயோடு மேலே வரும் உப்புநீரையே சிலர் சுத்திகரித்துத் திரும்பச் செலுத்துகிறார்கள்.

பாறையைப் பிளப்பவருக்குக் கைதட்டலாம். என் ஓட்டு, லாரிகளை நேரத்துக்கு வரவழைப்பவருக்கே.