ஹனாக்கோ: ரொதேனின் தலைச்சிற்பங்களும் பெயர்ப்புச் சிக்கலும்

பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரொதேன் (1840–1917) 1906இல் மார்செய் நகரின் குடியேற்ற நாடுகள் கண்காட்சிக்குச் சென்றபோது ஹனாக்கோ என்னும் ஜப்பானிய நடிகையின் நடிப்பைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் அவரை மாதிரியாகக் கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட தலைகளையும் முகவடிவங்களையும் ஆக்கினார். ஜப்பானியக் கலை ஐரோப்பியச் சிற்பத்தின்மேல் செலுத்திய தாக்கத்துக்கு இவற்றைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அக்கருத்து மீளாய்வுக்குரியது.

ஹனாக்கோவின் இயற்பெயர் ஓத்தா ஹிசா (1868–1945). மேடைப்பெயரை இட்டவர் அமெரிக்க நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர். 'ஹனா' என்பது மலர். 'கோ' என்பது குழந்தை. ஐரோப்பியர் நாவுக்கு எளிய பெயர் அது. நாடகங்களும் அவ்வாறே அமைந்தன. உரையாடல் புரியாத அவையினருக்காக அவை சுருக்கப்பட்டன. வயிற்றைக் கிழித்து மாயும் காட்சி உச்சமாக வைக்கப்பட்டது. ஜப்பானிய மரபில் வயிறு கிழித்தல் ஆண் மறவர்க்குரியது; மறக்குடிப் பெண்டிர் தொண்டையை அறுத்துக்கொள்வதே வழக்கம். எனவே ரொதேன் கண்டதை மூலபாடம் எனல் பொருந்தாது. அதுவே ஐரோப்பாவுக்கெனச் செய்யப்பட்ட ஒரு தழுவல். இதனை உணராமல் இச்சிற்பங்களில் 'ஜப்பானிய உள்ள'த்தைத் தேடுவது, தழுவலை மூலமெனக் கொண்டு திறனாய்வதற்கு ஒப்பாகும்.

ஆயினும் சிற்பங்களின் மதிப்பு இதனால் குறைவதில்லை. பொதுவாக மாதிரியாக அமர்பவரின் முகம் ஓய்வுநிலையில் இருக்கும். ஹனாக்கோவோ நடிப்பின் ஒரு கணத்தை முகத்தில் நிறுத்திவைக்க வல்லவர். கபுக்கி அரங்கில் உச்சக் கணத்தில் நடிகர் அசைவற்று நிற்கும் 'மியெ' என்னும் உத்தியை இஃது நினைவூட்டுகிறது. நெரிந்த புருவம், நிலைகுத்திய பார்வை, சற்றே திறந்த வாய் ஆகியவற்றை அச்சம் என்பதா, வெகுளி என்பதா, அழுகை என்பதா? தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றில் இம்முகத்தை அடக்க முயல்வோர் இடர்ப்படுவர். விரல் தடம் மறையாத களிமண் வடிவங்களிலும் அவற்றின் வார்ப்புகளிலும் இவ்வுறுதியின்மை உயிரோடிருக்கிறது. ழான் குரோ கண்ணாடிக் குழம்பில் ஆக்கிய முகவடிவம் கண்ணுக்கினியதே; எனினும் அதன் மெருகு, மூலத்தின் முரண்களை மழுக்கிவிடுகிறது.

தலைப்பிடும்போது சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. 1921இல் தாயகம் மீண்ட ஹனாக்கோ இரண்டு தலைகளைத் தம்முடன் கொண்டு சென்றார். அவற்றுள் ஒன்று பிரெஞ்சில் 'மரண வேதனை' என்னும் பொருளுடைய பெயர் பெற்றது. ஜப்பானியத்தில் அதன் பெயர் 'ஷி நோ குபி'. 'ஷி' சாவு, 'குபி' கழுத்து, தலை, வெட்டுண்ட தலை ஆகிய மூன்றையும் குறிக்கும் சொல். வேதனை என்ற சொல் இத்தலைப்பில் அறவே இல்லை. பிரெஞ்சுப் பெயர் உணர்வைக் கூற, ஜப்பானியப் பெயர் பொருளையே நம்முன் வைக்கிறது. உணர்ச்சிக்குப் பெயரிட மறுத்த வகையில் பின்னதே சிற்பத்துக்கு நெருக்கமானது எனலாம். தமிழில் 'சாவின் தலை' என்றால் கழுத்து விடுபடும்; 'மரண வேதனை' என்றாலோ தலையே விடுபடும்.

பெயர்ப்பாளர்கள் கருதத்தக்க மற்றொரு படைப்பு, மோரி ஓகாய் 1910இல் எழுதிய 'ஹனாக்கோ' என்னும் சிறுகதை. ஓகாய் தாமே தேர்ந்த மொழிபெயர்ப்பாளர். கதையில் ரொதேனுக்கும் ஹனாக்கோவுக்கும் இடையே நிற்பவன் ஒரு ஜப்பானிய மருத்துவ மாணவன். அவர்தம் உரையைப் பெயர்த்துச் சொல்ல வந்தவன். தன் நாட்டுப் பெண்ணாக இவளைக் காட்ட நேர்ந்ததே என்று அவனுக்குள் ஒரு கூச்சம்; அவள் அழகியல்லள் என்பது அவன் எண்ணம். ரொதேன் அவளை வரையத் தொடங்குமுன் அவனை நூலக அறைக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே அவன் பொதலேரின் கட்டுரையொன்றைப் படித்துக்கொண்டிருக்கிறான். திரும்ப அழைக்கப்படும்போது வரைதல் முடிந்துவிடுகிறது. அவள் உடலின் அழகு எத்தகையது என்பதைப் பிறகு ரொதேனே அவனுக்கு விளக்குகிறார்.