பாறையும் சோளமும்

ஒரு நாட்டினர் தம் தோற்றத்தைப் பற்றிக் கூறும் வரலாற்றிலிருந்து நாம் பெறும் பயன் இரண்டாம். நிகழ்ந்தவை யாவை என அறிவது ஒன்று. எவற்றை நினைவிற் கொள்ள அவர் விரும்பினர் என அறிவது மற்றொன்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையிற் பிளிமத் என்னுமிடத்தில் 1620 இற் குடியேறிய ஆங்கிலேயரின் வரலாறு இவ்விரண்டின் வேறுபாட்டையும் காட்டவல்லது. மூலநூல்களில் அவ்வரலாறு காணப்படுமாற்றையும் பின்வந்தோர் வாயில் அது அடைந்த மாற்றத்தையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேறினோர் தாமே எழுதிவைத்த சான்றுகளுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, 1622 இல் இலண்டனில் அச்சிடப்பட்ட 'மோட்டின் விவரணம்'. மற்றொன்று, அக்குடியேற்றத்தின் ஆளுநராக நெடுங்காலம் விளங்கிய வில்லியம் பிராட்போட் 1630 இல் எழுதத் தொடங்கிய வரலாறு. பின்னையதன் கையெழுத்துப்படி பொஸ்ரன் நகரிலிருந்து காணாமற்போய், இலண்டன் அத்தியட்சரின் நூலகத்திற் கண்டறியப்பட்டு, 1856 இலேதான் முழுமையாக அச்சேறிற்று. குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவிலே, 1820 இல், டானியல் வெப்ஸ்டர் பிளிமத்தில் நிகழ்த்திய புகழ்பெற்ற சொற்பொழிவு அதற்கு முந்தியது. ஆகவே, அந்நூல் முழுமையாக மக்கள் கைக்கு எட்டுமுன்னரே புகழுரை வேரூன்றிவிட்டது என்க.

முதலிற் பாறையை நோக்குவாம். 'மேபிளவர்' கப்பலில் வந்தோர் முதன்முதல் அடிவைத்தது எனப் போற்றப்படும் பிளிமத் பாறை மேற்கூறிய இரு நூல்களிலும் இல்லை. தொண்ணூறு வயதைக் கடந்த தோமஸ் போன்ஸ் என்னும் முதியவர் 1741 இல் அதனைச் சுட்டிக்காட்டியதே முதற் சான்று. கப்பல் வந்து 121 ஆண்டுகள் கழிந்தபின் எழுந்த கூற்று அது. அவர்க்கு அதனைச் சொல்லியதாகக் கூறப்படும் தந்தையாரோ 1623 இல் வேறொரு கப்பலில் வந்தவர். இருந்தும், 1774 இற் பெயர்க்க முயன்றபோது இரண்டாகப் பிளந்த அப்பாறை 1880 இல் ஒன்றுசேர்க்கப்பட்டு, அதன்மேல் '1620' என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டது. ஏட்டில் இல்லாத செய்தி கல்லில் ஏறிற்று.

இனிச் சோளத்தைக் காண்பாம். 1620 நவம்பரிற் கேப் கொட் கரையை அடைந்தோர் மணல்மேடுகளைத் தோண்டி, அந்நாட்டு மக்கள் புதைத்துவைத்திருந்த சோளத்தை எடுத்துச் சென்றனர். கல்லறையை அகழ்ந்தும் சில பொருள்களை எடுத்தனர் என 'விவரணம்' ஒளியாது உரைக்கின்றது. பிராட்போட்டும் சோளம் எடுத்ததை மறைத்தாரல்லர். அவ்விதை கிடையாதிருந்தால் தாம் பட்டினியால் மாண்டிருக்கக்கூடும் என்றும், அதனை இறையருளெனக் கொண்டனர் என்றும், பின்னர் உரியவர்க்கு ஈடு செய்தனர் என்றும் எழுதுகின்றார். கப்பலில் வந்த 102 பேருள் ஏறக்குறைய அரைப்பங்கினர் முதற் குளிர்காலத்திலேயே இறந்தமையை நோக்கின், அவ்விதையின் அருமை விளங்கும்.

சோளம் பயிரிடும் முறையை அவர்க்குக் கற்பித்தவர் திஸ்குவாந்தம். 1614 இல் ஆங்கிலக் கப்பற்றலைவன் ஒருவனாற் கவர்ந்து செல்லப்பட்டு ஸ்பானியாவிற் சிறைப்பொருளாக விற்கப்பட்டவர் அவர். இங்கிலாந்தில் வாழ்ந்து 1619 இல் மீண்டபோது, தம் ஊராகிய பத்துக்சற் கொள்ளைநோயால் மக்களற்றுக் கிடக்கக் கண்டார். அந்நிலத்திலேயே பிளிமத் எழுந்தது. மறுகூற்றுக்கள் பலவற்றில் இவர் உதவும் நண்பராக மட்டுமே தோன்றுகின்றார். அவர்க்கு ஆங்கிலம் எங்ஙனம் வந்தது என்னும் வினாவை அவை எழுப்புவதில்லை.

1621 இன் அறுவடை விருந்தும் இத்தகையதே. மசாசொயிட் என்னும் தலைவர் தம் மக்கள் தொண்ணூற்றுவரோடு வந்து மூன்று நாள் விருந்துண்டார் என்றும், அவர்கள் ஐந்து மான்களைக் கொன்று நல்கினர் என்றும் எட்வேட் வின்சிலோ ஒரு மடலிற் சில வரிகளிற் கூறுகின்றார். அதனை 'முதல் நன்றி நவிலல்' எனப் பெயரிட்டது, 1841 இல் அலெக்சாந்தர் யங் என்னும் பதிப்பாசிரியர் எழுதிய அடிக்குறிப்பு. அன்றைய நட்புப் பொய்யன்று. அவ்வாண்டின் உடன்படிக்கை மசாசொயிட்டின் வாழ்நாள் முழுதும் நிலைத்தது. ஆனாற் கதை விருந்தோடு நின்றுவிடுகின்றது. 1675 இல் மூண்ட போரில் அவர் மகன் மெற்றாகொம் மறு ஆண்டு கொல்லப்பட, அவர் தலை அதே பிளிமத்திற் கம்பத்தில் ஏற்றிவைக்கப்பட்டது.

இவ்வாறு ஆராய்வது இன்றைய அளவுகோலால் அன்றையோரை அளப்பதாகும் எனத் தடை கூறுவாருளர். அத்தடை ஈண்டுப் பொருந்தாது. 1970 இல், 350 ஆம் ஆண்டு விழாவிற் பேசுமாறு வாம்பனோவாக் மரபினரான வம்சுத்தா பிராங் ஜேம்ஸ் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய உரையைக் கண்ட விழாவினர் அதனை நிகழ்த்த இசைந்திலர். கல்லறை அகழ்ந்ததையும் சோளம் கவர்ந்ததையும் குறித்த அவ்வுரை, அதற்குச் சான்றாகக் காட்டியது குடியேறினோரின் 'விவரணத்தையே'. முன்னோர் தாமே அச்சிட்ட செய்தியை, அம்முன்னோரைப் போற்றும் விழா கேட்க மறுத்தது. அன்றுதொட்டு ஆண்டுதோறும் நன்றி நவிலல் நாளில், முதற்குடிகள் பிளிமத்திற் கூடித் துக்கநாள் கடைப்பிடித்து வருகின்றனர்.

பிராட்போட் நடுநிலையாளர் அல்லர். 1637 இற் பீக்குவொட் மக்களின் அரண் மக்களோடு எரியூட்டப்பட்டதையும் இறைவன் தந்த வெற்றியெனவே போற்றினார். ஆயினும் தம்மவர் பசியையும், அப்பசியில் அவர் எடுத்ததையும் எழுதிவைத்தார். அவர் எழுதாத பாறையைப் பின்வந்தோர் பெருக்கினர். எழுதிய சோளத்தைச் சுருக்கினர். வரலாறு கற்கும் மாணவர் ஒவ்வொரு செய்தியும் எவ்வாண்டில் ஏட்டில் ஏறியது என்பதோடு, எச்செய்தி எப்போது நழுவவிடப்பட்டது என்பதையும் வினாவுதல் வேண்டும். பின்னைய வினாவே பெரிதும் பயன் தருவதாம்.