‘க்’ மேல் ஒரு புள்ளி: மிரர் லாக்-அப் நேரடிச் சோதனை

கேளம்பாக்கம் என்று எழுதினால் மூன்று புள்ளி வைக்க வேண்டும். நடுவில் ஒரு ‘ம்’, அடுத்து ‘க்’, கடைசியில் இன்னொரு ‘ம்’. ட்ரைபாடில் நிற்கும் கேமரா உண்மையிலேயே அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க இதைவிடக் கைக்கெட்டிய கருவி கிடையாது. ஊர்ப் பெயர்ப் பலகையை நூறு மீட்டர் தள்ளி நின்று டெலி லென்ஸில் எடுத்து, கம்ப்யூட்டர் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். புள்ளி உருண்டையாக இருந்தால் கேமரா நின்றிருக்கிறது. புள்ளி முட்டைபோல நீண்டு, கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது.

அந்த ஆட்டம் பெரும்பாலும் கேமராவுக்குள்ளிருந்தே வருகிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. “ட்ரைபாடில் வைத்துத்தானே எடுத்தேன், அப்புறம் எப்படி ஷேக் ஆனது?” என்ற கேள்வி டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அதற்கான பதில் மெனுவின் அடியில், கஸ்டம் ஃபங்ஷன் வரிசையில், யாரும் திறந்து பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் மிரர் லாக்-அப்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது 2013இல் வந்த கேனன் 700டி. 18 மெகாபிக்சல். லென்ஸ் 55-250 மி.மீ. ஐஎஸ் எஸ்டிஎம். இரண்டும் செகண்ட் ஹேண்ட். அலுமினிய ட்ரைபாடும் சாதாரணமானதுதான். இடம், சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே கோவளம் போகும் சாலை. இருபக்கமும் கழிமுகத் தண்ணீர், அதை ஒட்டி உப்பளம், பின்னால் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஓரத்து அடுக்குமாடிகளின் விளக்குகள். நேரம், சூரியன் வருவதற்கு முந்தைய முக்கால் மணி. அந்த வெளிச்சத்தில்தான் ஷட்டர் நேரம் தானாகவே முழு நொடியிலிருந்து 1/60 வரை ஒவ்வொன்றாக இறங்கி வரும். மிரர் லாக்-அப் வேலை செய்யும் இடமும் அதுதான்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழி வரும் வெளிச்சத்தை மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்புவது அதன் வேலை. பட்டனை அழுத்தியதும் அது விருட்டென மேலே எழும்பி, கூரையில் மோதி நிற்கும். அதற்கடுத்த கணத்தில் ஷட்டர் திறக்கும். காதில் விழும் அந்த ‘டக்’ சத்தத்தில் பாதி இந்தக் கண்ணாடி மோதும் சத்தம். மோதிய அதிர்வு அடங்குவதற்குள் ஷட்டர் திறந்துவிடுவதுதான் சிக்கல்.

எவ்வளவு சின்ன அதிர்வு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த லென்ஸை 250 மி.மீ.இல் வைத்தால், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் ஒரு பிக்சலுக்குள் விழுவது ஏறக்குறைய 1.7 மி.மீ. இரண்டு சென்டிமீட்டர் புள்ளிக்குப் பன்னிரண்டு பிக்சல் கிடைக்கும். ஒரு டிகிரியை இருநூறு பங்காக்கி அதில் ஒரு பங்கு அளவுக்குக் கேமரா தலையசைத்தாலே ஐந்து பிக்சல் இழுபட்டுவிடும். கண்ணால் பார்த்தால் ட்ரைபாட் கல்லாக நிற்பதுபோல் தோன்றும். புள்ளியோ முட்டையாகிவிடும்.

மிரர் லாக்-அப் இந்த வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் அழுத்தலில் கண்ணாடி மட்டும் மேலே போய் நிற்கும். அதிர்வு அடங்க நேரம் கொடுத்து, இரண்டாம் அழுத்தலில் ஷட்டர். 700டியில் இதோடு இரண்டு நொடி செல்ஃப் டைமரையும் சேர்த்துவிட்டால் ஓர் அழுத்தல் போதும்: கண்ணாடி ஏறும், இரண்டு நொடி கழித்துப் படம் விழும். விரல் பட்ட ஆட்டமும் அதற்குள் போய்விடும். ரிமோட்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு மறந்துபோனால், 30 நொடியில் அதுவே இறங்கிவிடும்.

இது இன்று நேற்று வந்த வசதி இல்லை. 1954இல் ஜப்பானின் அசாஹிஃப்ளெக்ஸ் 2பி வரும்வரை, பெரும்பாலான எஸ்எல்ஆர் கேமராக்களில் படம் எடுத்ததும் வியூஃபைண்டர் இருண்டே கிடக்கும். ஃபிலிமைச் சுற்றினால்தான் கண்ணாடி கீழே வரும். உடனே திரும்பி வரும் கண்ணாடி வந்த பிறகு, அதை நிறுத்தி வைக்க வேண்டிய தேவையும் பின்னாலேயே வந்தது. 1959இன் நிக்கான் எஃப் கேமராவில் கண்ணாடியை மேலேயே நிறுத்தும் வசதி இருந்தது. அதன் 21 மி.மீ. லென்ஸின் பின்பக்கம் கேமராவுக்குள் ஆழமாக நுழையும் என்பதால், கண்ணாடியை ஏற்றி வைக்காமல் லென்ஸையே மாட்ட முடியாது. 1969இல் வந்த பென்டாக்ஸ் 6x7இன் பெரிய கண்ணாடி அடிக்கும் அடி படக்காரர்கள் நடுவே பேர்போனது. முதலில் வந்தவற்றில் லாக்-அப் இல்லாமல், பிறகுதான் சேர்த்தார்கள்.

சோதனையில் முதலில் பார்த்தது ஷட்டர் நேரம். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, லென்ஸின் ஆட்டத் தடுப்பை (ஐஎஸ்) அணைத்து, ஃபோகஸ் மேனுவலில். ஒவ்வொரு நேரத்துக்கும் லாக்-அப் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. இரண்டிலும் அதே இரண்டு நொடி டைமர். அப்போதுதான் வித்தியாசம் கண்ணாடியால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியும்.

1/8 நொடியில் வித்தியாசத்தைத் தேட வேண்டியதே இல்லை. லாக்-அப் இல்லாத படத்தில் ‘க்’ மேல் இருந்த புள்ளி கீழ்நோக்கி நீண்டு எழுத்தைத் தொட்டது. லாக்-அப் போட்ட படத்தில் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே வெள்ளை இடைவெளி தெரிந்தது. 1/15, 1/4 இரண்டிலும் ஏறக்குறைய இதே கதை. 1/60இல் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். சூரியன் வந்தபின் ஐஎஸ்ஓவை ஏற்றி 1/500இல் எடுத்தவற்றில் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. ட்ரைபாடும் லென்ஸும் சேர்ந்து நொடிக்கு 20 தடவை ஆடுகின்றன என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு 50 மில்லி நொடி. 1/8 நொடி என்பது 125 மில்லி நொடி. அதற்குள் இரண்டரை ஆட்டம் முழுதாகப் படத்தில் பதியும். 1/500 என்பது வெறும் 2 மில்லி நொடி. ஓர் ஆட்டம் முடிவதற்குள் ஷட்டர் மூடிவிடும். நேர்மாறாக 30 நொடி திறந்து வைத்தால், முதல் அரை நொடி ஆட்டம் மொத்த வெளிச்சத்தில் அறுபதில் ஒரு பங்குதான். மீதி வெளிச்சம் அதை மூழ்கடித்துவிடும். ஆக, தோராயமாக 1/60 முதல் ஒரு நொடி வரைதான் மிரர் லாக்-அப்பின் ராஜ்ஜியம். அதற்கு வெளியே இதைப் போட்டு வைத்துக்கொண்டு அவதிப்பட வேண்டாம்.

இந்தச் சோதனையில் எதிர்பாராமல் கைக்கு வந்தது பக்கத்து எழுத்தான ‘பா’. கேனன் கண்ணாடி மேல்விளிம்பில் கீல் வைத்து மேலே எழும்புவதால், அதன் அதிர்வு மேலும் கீழுமாக இருக்கும். அப்போது ‘ப’வின் படுக்கைக் கோடு தடித்துப்போகும், நிற்கும் கோடுகள் இரண்டும் கூர்மையாகவே இருக்கும். பக்கவாட்டிலிருந்து காற்று தள்ளினால் நேர் எதிர்: நிற்கும் கோடுகள் தடிக்கும், படுக்கைக் கோடு தப்பிக்கும். படம் கெட்டதற்குக் காரணம் கண்ணாடியா காற்றா என்று ஒரே எழுத்து காட்டிக்கொடுக்கிறது. தமிழ்ப் பலகை இல்லாத ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

காற்று கேளம்பாக்கத்தில் சாதாரண விஷயமில்லை. கடல் பக்கத்திலேயே இருக்கிறது. நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால், ட்ரைபாடில் தொங்கும் கேமராப் பையும் கழுத்துப் பட்டையும் பாய்மரமாகிவிடும். அப்போது லாக்-அப் போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். பட்டையைக் கழற்றி, நடுத்தண்டை முழுக்க இறக்கி, பையைத் தரை தொடும்படி தொங்கவிட்டபின்தான் லாக்-அப்பைப் பற்றிப் பேசலாம். சாலைப் பாலத்தின்மேல் நின்றால் வேறொரு தொல்லை: லாரியோ பேருந்தோ கடக்கும்போது பாலமே நடுங்கும். உள்ளங்காலில் உணர முடிகிற அந்த நடுக்கத்தில் புள்ளி ஒன்று இரண்டாகப் பதிகிறது. பாலத்தைவிட்டு இறங்கிக் கெட்டியான தரையில் நிற்பதே மேல். உப்பள வரப்பின் ஈரமண் கெட்டியாகத் தெரிந்தாலும், ஒரு நிமிடத்தில் ட்ரைபாட் கால் மெல்ல இறங்கும்.

பலருக்கு ஓர் ஏமாற்றம் உண்டு. குளிர்காலத்தில் இந்தக் கழிமுகத்துக்கு வரும் பூநாரைக்கும், கூழைக்கடாவுக்கும், நெடுங்கால் உள்ளானுக்கும் மிரர் லாக்-அப் உதவாது. கண்ணாடி ஏறியதும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். அந்த இரண்டு நொடியில் பூநாரை தலையை எந்தப் பக்கம் திருப்பியது என்று யாருக்கும் தெரியாது. தொடர்ச்சியாக எடுக்கும் முறையும் இதில் ஓடாது, ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடியும். பறவைக்கு வேகமான ஷட்டர்தான் மருந்து.

நிலாவுக்கு உதவும், ஓர் எல்லை வரை. வானம் நொடிக்கு 15 ஆர்க் நொடி நகர்கிறது. இந்த லென்ஸில் அது நான்கு பிக்சலுக்கும் சற்று மேல். கோவளம் பக்கம் மங்கலாகச் செக்கச் சிவந்து எழும் நிலாவை 1/8இல் லாக்-அப்போடு எடுத்தால் விளிம்பு நறுக்கென்று வரும். ஒரு நொடி திறந்தால் நிலா தானாகவே நகர்ந்து கெடுத்துவிடும். 2025 செப்டம்பர் 7 இரவு 82 நிமிடம் முழு நிழலில் இருந்த சந்திர கிரகணம்போல நிலா மங்கும் நேரத்தில், ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரை அரை நொடிக்குள் கொண்டுவந்து, கூடவே லாக்-அப்பும் போடுவதே வழி.

சூரியன் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கண்ணாடி இறங்கியிருக்கும்போது வெளிச்சம் மேலே திரும்பிவிடும். ஏறிவிட்டால் லென்ஸ் குவிக்கும் சூடு நேராக ஷட்டர் திரையில் விழும். திரை கருகிப்போகலாம் என்று கேனன் கையேடே எச்சரிக்கிறது. சூரியோதயம் எடுக்கப் போகிறவர்கள் வட்டம் மேலே வந்ததும் லாக்-அப்பை அணைத்துவிட வேண்டும்.

இப்போது உண்மையான கேள்வி: லைவ் வியூ இருக்கும்போது இது எதற்கு? 700டியில் லைவ் வியூவைப் போட்டாலே கண்ணாடி மேலேதான் நிற்கிறது. பின்திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஃபோகஸைச் சரிசெய்து, இரண்டு நொடி டைமரில் எடுத்தால் லாக்-அப்புக்குச் சமமான கூர்மை கிடைக்கிறது. இந்தக் கேமராவுக்கு அதையே முதல் வழியாகச் சொல்லலாம். பேட்டரி குறையும்போதும், திரை தெரியாத வெயிலிலும் மிரர் லாக்-அப் கைகொடுக்கும். லாக்-அப் போடும்போது வியூஃபைண்டரை மூடிவைப்பது நல்லது. பின்னாலிருந்து புகும் வெளிச்சம் ஆட்டோ அளவீட்டைக் குழப்பும். அதற்கான ரப்பர் மூடி கழுத்துப் பட்டையிலேயே கோத்திருக்கிறது. பட்டையைக் கழற்றும்போது அதைத் தொலைக்காமல் இருக்க வேண்டும்.

எல்லாக் கேமரா உடலிலும் லாக்-அப் இருக்காது. நிக்கான் டி3500இல் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தும் வசதி சென்சாரைத் துடைக்க மட்டும்தான். 2014இல் வந்த நிக்கான் டி810 நேர்மாறு: லாக்-அப் முறையில் ஷட்டரின் முன்திரையையே எலக்ட்ரானிக்காக மாற்றிக்கொள்ள முடியும். வசதி இல்லாதவர்களுக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. ஒரு கறுப்பு அட்டையை லென்ஸின் முன்னால், தொடாமல் பிடித்து ஷட்டரைத் திறந்து, ஒரு நொடி கழித்து அட்டையை விலக்கினால் போதும். இரண்டு நொடிக்கு மேற்பட்ட படங்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது.

சென்னைக்குப் பழைய கேமரா உடலைத் தூக்கிப்போடாத பழக்கம் உண்டு. காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) ஒரு கம்பெனியின் உடலும் இன்னொன்றின் லென்ஸும் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டுக் கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்து யானைகளைப் படமெடுத்தார். மிரர்லெஸ் வந்தபின் டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் மலிந்து கிடக்கின்றன. வாங்குகிறவர் மெனுவில் லாக்-அப் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்கலாம். டைமரோடு சேர்த்துப் போட்டு, ‘டக்’ ஒலிக்கும் ஷட்டர் ஒலிக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி கேட்கிறதா என்றும் பார்க்கலாம். கண்ணாடி ஏறுவதிலும் இறங்குவதிலும் சிக்கல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வெயில் ஏறி, முதல் கடற்காற்று ‘பா’வின் நிற்கும் கோடுகளைத் தடிக்கச் செய்ததும் சோதனை முடிந்தது. ட்ரைபாட் கால்களில் ஒட்டிய உப்புச் சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் அலச வேண்டியிருந்தது. திருகுக்குள் உப்பு இறங்கிவிட்டால் அடுத்த வாரம் கால் மடங்காது.