மருது தியாகியல்ல

'இயற்கை' (2003) படத்தின் முடிவைப் பேசப்போனால் மருதுவின் தியாகம் என்கிற சொல் எப்படியும் வந்து விழுந்துவிடுகிறது. எனக்குச் சிக்கல் இந்தச் சொல்தான். தியாகம் பண்ணக் கையில் ஏதாவது இருக்கணும். நான்சி எப்போது அவன் கையில் இருந்தாள்?

எஸ்.பி. ஜனநாதனின் இந்த முதல் படம், தாஸ்தாயெவ்ஸ்கி 1848இல் எழுதிய 'வெண்ணிற இரவுகள்' குறுநாவலிலிருந்து எடுக்கப்பட்டது. கதைசொல்லியை ஏற்றுக்கொண்ட அதே இரவில், நாஸ்தென்கா காத்திருந்த பழைய குடித்தனக்காரன் தெருவில் எதிர்ப்படுகிறான். அவள் ஓடுகிறாள், திரும்பி வந்து கதைசொல்லியை முத்தமிடுகிறாள், மறுபடி ஓடிவிடுகிறாள். படத்திலும் நான்சியின் மனம் மருதுவை நோக்கித் திரும்புகிற நேரத்தில் கேப்டன் வந்துவிடுகிறான்.

இரண்டு ஆண்களுக்கு நடுவில் நிற்கும் பெண் நம் சினிமாவுக்குப் புதிதல்ல. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) முன்னாள் காதலனான டாக்டரைச் சாகடித்துக் கணக்கை நேர்செய்தது. 'அந்த 7 நாட்க'ளில் (1981) சேர்த்துவைக்கக் கணவனே தயார். தாலிக்காக வாதாடுகிறவனோ காதலன்! 'இயற்கை'யில் அவளை யாரும் யாரிடமும் ஒப்படைப்பதில்லை, அவளே போகிறாள். தியாகம் என்று வாசிக்கிறபோது அவளுடைய முடிவை மருதுவின் கணக்கில் வரவு வைக்கிறோம்.

படம் நாவலைக் கைவிடுகிற இடம் வேறு. நாவல் அந்த இரவோடு முடிவதில்லை. மறுநாள் காலை மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வருகிறது. ஒட்டடை படிந்த அதே அறையில் பதினைந்து வருஷம் கழித்தும் தனியாக உட்கார்ந்திருக்கும் தன்னைக் கதைசொல்லி பார்க்கிறான். பார்த்த பிறகுதான் அவளைச் சபிக்க மறுக்கிறான். விஸ்கோந்தியும் 1957இல் தோற்றவனைப் பனி கொட்டும் தெருவில் ஒரு நாயோடு நடக்கவிட்டார்.

மருது மாலுமி. ஜனநாதன் கனவுக்காரனைத் தொழிலாளியாக்கியது அரசியல்ரீதியாகச் சரியான காரியம்; காதலுக்கு வெளியே அவனுக்கொரு வாழ்வு இருக்கிறது. ஆனால் அந்தக் காலைப்பொழுது போய்விட்டது. உத்திரமேரூரில், ஏரியைத் தவிர வேறு பெருநீர் பார்க்காத தோழர் ஒருவர் படம் முடிந்ததும் கேட்டார்: "அவனுக்குக் கடல் இருக்குது, போயிட்டான். இதுல என்னய்யா சோகம்?"

தலைப்பையும் சேர்த்து யோசிக்கவேண்டும். ஒரு பெண் தேர்ந்து எடுத்த முடிவைக் காற்று, அலை வரிசையில் வைத்து 'இயற்கை' என்று பெயரிடுகிறபோது, முடிவுக்காட்சியில் அவளுக்குக் கொடுத்ததில் பாதியைப் பிரதி திரும்ப வாங்கிக்கொள்கிறது.