வாய்பாடும் படைப்பும்: லிஸ்ப் மொழிவழி இசையாக்கம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணனியால் இசையமைக்க முடியுமா என்ற வினா எழுப்பப்படும்போதெல்லாம் இருவகையான விடைகள் முன்வைக்கப்படுவதைக் காணலாம். இசை உள்ளத்தின் வெளிப்பாடு, விதிகளுக்குள் அடங்காதது, ஆதலால் பொறியால் ஆகாதது என்பர் ஒரு சாரார். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் தாளக் கணக்குகளையும் வகுத்த மரபு நமது, கணனி செய்வதை நம் முன்னோர் முன்னரே செய்துவிட்டனர் என்பர் மற்றொரு சாரார். மேலோட்டமாக நோக்குமிடத்து எதிரெதிரானவையாகத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு. இசையின் விதியை மனித உழைப்பினின்றும் பிரித்து நோக்குவதே அப்பொதுப்பண்பாகும். முதலாமவர் விதியை இசைக்குப் பகையாகக் கருதுகின்றனர். இரண்டாமவர் அதனைப் பரம்பரைச் சொத்தாகப் பாராட்டுகின்றனர். விதியை வகுத்தவர் யார், அதனை வாசித்து விவாதிக்கக்கூடியவர் யார், அதன் விளைவை மதிப்பிடும் உரிமை யாருக்குரியது என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. இவ்வினாக்களை முன்னிறுத்தி, லிஸ்ப் என்னும் கணனி மொழியின் சார்புகளைக் கொண்டு இசையாக்கும் முறையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

விதிவழிப்பட்ட ஆக்கம் படைப்பாற்றலுக்கு மாறானது என்ற எண்ணத்துக்குப் பேராதனை ஆய்வு மரபிலேயே தக்க மறுமொழி உண்டு. இங்கு கற்பித்த க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கப் பாடல்களை வாய்மொழிக் கவிதை மரபின் அடிப்படையில் ஆராய்ந்தது. பாணனும் புலவனும் வழிவழி வந்த வாய்பாடுகளையும் அடைகளையும் கருப்பொருட் கோவைகளையும் கையாண்டே பாடினர் என்பது அவ்வாய்வின் அடிப்படை. வாய்பாடு கவிஞனின் வறுமையைக் காட்டுவதன்று. கேட்போர் முன்னிலையில் உடனுக்குடன் பாடவேண்டிய நிலையில் அது அவனுக்குக் கைகொடுக்கும் கருவியாகும். சமூகம் முழுவதும் அறிந்த வாய்பாட்டை எவ்விடத்தில், எதனோடு இணைத்துக் கையாள்வது என்பதிலேயே அவனது திறன் புலப்பட்டது.

இசைக்கும் இது பொருந்தும். ஏழு சுரங்களையும் ஒருமுறைக்கு மேற்படாமல் வரிசை மாற்றி அமைத்தால் 5040 கோவைகள் கிடைக்கும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சங்கீத ரத்னாகரம் இத்தகைய பிரஸ்தாரங்களை எண்ணவும் வரிசைப்படுத்தவும் வழிமுறை கூறியது. எனினும் 5040 கோவைகளும் 5040 இசைப் படைப்புகள் ஆகிவிடுவதில்லை. எண்ணிக்கை, இயலக்கூடியவற்றின் எல்லையைக் காட்டும். ஏற்கத்தக்கது எது என்பதை அது கூறாது. இவ்வேறுபாட்டை மனங்கொள்வது கணனி இசை பற்றிய விமர்சனத்துக்கு இன்றியமையாதது.

2

லிஸ்ப் மொழியை 1958இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்த்தி உருவாக்கினார். அதில் தரவு பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் அமைந்த பட்டியல்களாக எழுதப்படும். கட்டளையும் அத்தகைய பட்டியலே. ஆகவே ஒரு சார்பு இன்னொரு சார்பைப் பெற்றுக்கொள்ளவும், புதிய கட்டளையை ஆக்கித் தரவும் முடியும். இசைச் சொற்கட்டு ஒரு பட்டியல். அதனை இரட்டிப்பதும் திருப்புவதும் சுருக்குவதும் சார்புகள். பொருளும் அதன்மேற் செய்யப்படும் வினையும் ஒரே வடிவில் அமைவதால் இசை ஆய்வாளர் பலர் இம்மொழியை நாடினர். 1957இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசாக்சனும் கணனிவழி உருவாக்கிய நால்வர் இசைக்கோவை லிஸ்ப் மொழிக்கு முற்பட்டது. டேவிட் கோப் 1981இல் தொடங்கிய இசை நுண்ணறிவுச் சோதனைகளும், ஹைன்றிக் ரௌபே 1989 முதல் வளர்த்த பொது இசை என்னும் கணனி நிரலும், பாரிசின் இர்க்காம் நிறுவனத்தில் உருவான ஓப்பன்மியூசிக்கும் லிஸ்ப் வழிப்பட்டவை.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். தாள வாத்தியத்தில் ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்தைக் கருதுவோம். அதனை லிஸ்ப் முறையில் பின்வருமாறு எழுதலாம்:

(தீர்மானம் (தா தீ கி ண தொம்) 2)

ஐந்து மாத்திரைச் சொற்கட்டு மும்முறை வரும். இடையில் இருமுறை இரண்டு மாத்திரைக் கார்வை வரும் என்பது இதன் பொருள். மொத்தம் பத்தொன்பது மாத்திரை. சதுசிர நடையில் ஆதிதாளத்தின் ஓர் ஆவர்த்தம் 32 மாத்திரை. ஆகவே பதின்மூன்று மாத்திரை கழிந்தபின் தீர்மானத்தைத் தொடங்கினால் அடுத்த சமத்தில் எடுப்பு அமையும். சொற்கட்டையோ கார்வையையோ மாற்றினால் தொடங்கும் இடத்தைச் சார்பு தானே கணித்துக்கொள்ளும். இக்கணக்கை மிருதங்கக் கலைஞர் கணப்பொழுதில் மனத்தாற் செய்துவிடுவார் என்பது உண்மையே. எனினும் இங்கு விரைவு முக்கியமானதன்று.

இதே சார்பை வேறொரு சார்பிடம் ஒப்படைத்து, ஓர் ஆவர்த்தத்தை முழுமையாக நிரப்பும் தீர்மானங்கள் அனைத்தையும் தேடச் செய்வோமாயின் ஐந்து விடைகள் கிடைக்கும். சொற்கட்டின் அளவு 10, 8, 6, 4, 2 மாத்திரையாக அமையும்போது கார்வை முறையே 1, 4, 7, 10, 13 மாத்திரையாகும். கணக்கின்படி ஐந்தும் சரியானவை. ஆனால் இரண்டு மாத்திரைச் சொல்லை அடுத்துப் பதின்மூன்று மாத்திரை மௌனம் வருமாயின், மும்முறை வந்தது ஒரே சொல் என்னும் உணர்வைச் செவி இழந்துவிடும். தீர்மானம் தீர்மானமாக ஒலிக்காது. கார்வை சொற்கட்டினும் சிறியதாக இருத்தல் வேண்டும் என்று மேலும் ஒரு விதியைச் சேர்த்தால் முதலிரு விடைகளே எஞ்சும். மற்றொருவர் நீண்ட மௌனத்தை வேண்டுமென்றே கையாளும் கலைஞரைச் சுட்டி, இவ்விதியை மறுக்கலாம். அப்போது விதி திருத்தப்பட வேண்டும், அன்றேல் அதன் எல்லை வரையறுக்கப்பட வேண்டும்.

லிஸ்ப் சார்புகளின் விமர்சன முக்கியத்துவம் இங்குதான் வெளிப்படுகிறது. சார்பை எழுதுபவர் தமது இரசனையை மறைத்துவைக்க இயலாது. நன்றாயிருக்கிறது என்று வாளாவிருந்த ஒன்றை ஏன் நன்றாயிருக்கிறது என்று கூற அவர் கட்டாயப்படுத்தப்படுகிறார். அவ்வாறு கூறப்பட்டது பிறரால் வாசிக்கப்படும், மறுக்கப்படும், திருத்தப்படும். இன்று பெருந்தொகையான ஒலிப்பதிவுகளை உட்கொண்டு பாடல்களை உமிழும் நரம்புவலைப் பொறிகளில் இவ்வாய்ப்பு அருகிவிடுகிறது. அவற்றுள் விதி எண்ணற்ற எண்களாகச் சிதறிக் கிடப்பதால் ஆக்கியோர்க்கே அது வாசிக்கத்தக்கதாக இல்லை. யாருடைய உழைப்பிலிருந்து அப்பொறி கற்றது என்பதும் கேட்போர்க்குத் தெரிவதில்லை. விதி மறைந்தவிடத்து உழைப்பும் மறைகிறது. இவ்வகையில் நோக்கும்போது, பழையதாகக் கருதப்படும் லிஸ்ப் முறை புதிய பொறிகளைவிட ஜனநாயகப் பண்பு கூடியது எனலாம்.

3

விதி வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டால் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. தென்னாசியச் சூழலில் மேற்கொள்ளப்பட்ட இரு முயற்சிகள் இதற்கு விடை காண உதவுவன. அவை லிஸ்ப் மொழியைச் சார்ந்தவை என்பதற்காக அன்றி, அம்மொழியைக் கையாள்வோர் எதிர்கொள்ளும் பிரச்சினைகளைத் தெளிவாக்குவதனாலேயே இங்கு எடுத்தாளப்படுகின்றன.

முதலாவது, 1980களில் ஜேம்ஸ் கிப்பனும் பேர்னாட் பெல்லும் உருவாக்கிய போல் புரொசெசர். லக்னோவின் தபேலா உஸ்தாத் அபாக் ஹுசைன் கானிடம் கிப்பன் பயின்றவர். காயிதா எனப்படும் தபேலா அமைப்பின் இலக்கண விதிகளை இவர்கள் கணனிக்கு வகுத்துக் கொடுத்தனர்; கணனி புதிய சொற்கட்டுகளை ஆக்கியது; அவற்றை ஏற்பதும் தள்ளுவதும் கலைஞரின் பொறுப்பாயிற்று. தள்ளப்பட்டவை விதியைத் திருத்தும் சான்றுகளாயின. இங்குக் கலைஞர் வெறும் தகவலாளி அல்லர். விதியின் நடுவர் அவரே. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கூடப் பல வேளைகளில் கைக்கொள்ளத் தவறும் நெறி இது.

இரண்டாவது, சிறீகுமார் காரைக்குடி சுப்பிரமணியன் சிங்கப்பூர்த் தேசிய பல்கலைக்கழகத்தில் 2013இல் நிறைவுசெய்த முனைவர் பட்ட ஆய்வு. ராஜேஸ்வரி பத்மநாபன் வீணையில் வாசித்த சகானா இராக வர்ணத்தை இரு காலங்களிலும் நுணுகி ஆராய்ந்து, சுரக்குறிப்பில் எழுதப்படாத கமகங்களைக் கணனி எவ்வாறு ஆக்கலாம் என்பதை அது ஆராய்ந்தது. இரண்டாங் காலத்தில் கமகங்கள் நேர்பாதியாகச் சுருங்குவதில்லை, சில அசைவுகள் விடுபட்டு வேறு வடிவு கொள்கின்றன என்பது இத்தகைய ஆய்வுகளால் தெளிவாகிறது. ஒரு பட்டியலின் கால அளவுகள் அனைத்தையும் இரண்டால் வகுக்கும் சார்பை லிஸ்ப் மொழியில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அது சகானா ஆகாது. குறியீட்டில் எழுதப்பட்டதே இசை என மயங்குவோர் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எழுத்தில் இல்லாத பகுதி கலைஞரின் கையிலும் கேட்போரின் செவியிலும் வாழ்கிறது.

4

இவற்றைக் கண்டிப் பிரதேசத்தோடு பொருத்தி நோக்குதல் அவசியம். சுருக்கமான ஒரு நிலப்பரப்பில் பல தாள மரபுகள் அருகருகே வாழும் பிரதேசம் இது. கண்டிய நடனத்துக்குரிய கெட்டபெரயின் அடிப்படை ஒலிகள் தத், ஜித், தொங், நங் என நான்கு சொற்களால் வழங்கப்படுகின்றன. பதினெட்டு வன்னங்களும் கஸ்திரம, சீருமாருவ, அடவ்வ முதலிய உறுப்புகளைக் கொண்டு ஆடப்படுகின்றன. வன்னம், அடவ்வ என்பன வண்ணம், அடவு என்னும் தமிழ்ச் சொற்களை நினைவூட்டுவது இரு இனங்களின் கலை உறவை ஆராய்வோர் கவனத்துக்குரியது. வாயாற் சொல்லிக் கையால் அடிக்கும் இம்மரபு இயல்பிலேயே பட்டியல் வடிவானது; லிஸ்ப் சார்புகளுக்குத் தடையின்றி இசைவது.

பேராதனை வளாகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகிய கூத்துகளை மேடையேற்றியதும் இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது. பாத்திரத்துக்கேற்ப வரவுத் தாளக்கட்டு மாறும் மட்டக்களப்புக் கூத்தினை, விடியவிடிய ஆடப்பட்ட வட்டக் களரியிலிருந்து குறுகிய நேர மேடைக்குக் கொண்டுவந்தபோது, எதனை நீக்குவது, எதனை நிறுத்துவது என்னும் தெரிவு தவிர்க்க முடியாததாயிற்று. அத்தெரிவும் ஒரு விதியே. அது குறித்து எழுந்த விவாதம் ஈழத்துத் தமிழ் அரங்கை வளப்படுத்தியது. தெரிவின் அடிப்படை வெளிப்படையாக இருந்தமையாலேயே விவாதம் இயல்வதாயிற்று.

ஆனால் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளில் ஒலிக்கும் தப்பின் நிலை வேறு. 1867இல் ஹேவாஹெட்டவின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை பயிரிட்ட காலத்துக்கு முன்னரே, கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்துவரப்பட்ட தொழிலாளரோடு தப்பும் வந்தது. பிரட்டுக்கு அழைக்க ஓர் அடி, மரணத்தை அறிவிக்க வேறோர் அடி, காமன் கூத்துக்கு இன்னோர் அடி என அது மலையக வாழ்வின் காலக் கணிப்பாகவே இயங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அம்மக்களின் சொற்களை அச்சேற்றிய பெரும்பணியாகும். எனினும் அச்சிட்ட சொல்வரி தப்பின் அடியைக் காட்டாது. சாதி இழிவு அவ்வாத்தியத்தின்மேற் சுமத்தப்பட்டமையால் அதனைக் கைவிடுவதே விடுதலை எனக் கருதும் இளைஞரும் உளர். அவர்களது நியாயத்தைப் புறக்கணிக்க முடியாது.

இந்நிலையில் கணனி இசையாக்கத்துக்கு எம்மவர் எடுத்துக்கொள்ளும் பொருள் எதுவென்பது ஓர் அரசியல் வினாவாகிறது. மேளகர்த்தாவுக்கும் கோர்வைக்கும் நூலுண்டு, குறியீடுண்டு; ஆகவே அவை எளிதிற் சார்புகளாகின்றன. அரசவையும் கோயிலும் சபாவும் பேணியவை கணனியிலும் இடம்பிடிக்கின்றன. பிரட்டுக் களத்தின் ஒலி வெளியே நிற்கிறது. பொறி நடுநிலையானது எனப்படினும், அதனிடம் கொடுக்கப்படும் பட்டியல் நடுநிலையானதன்று. யாருடைய இசை முன்னரே எழுதப்பட்டதோ, அவர்களுடைய இசையே மேலும் எழுதப்படும்.

இதற்கு மாற்று, தப்பினை ஒலிப்பதிவு செய்து எடுத்துச்சென்று தனியே அமர்ந்து விதி வகுப்பதன்று. லக்னோவிற் பின்பற்றப்பட்டது போல, அடிப்பவர் முன்னிலையில் விதி எழுதப்பட்டு, ஆக்கப்பட்டது அவருக்கே அடித்துக்காட்டப்பட்டு, அவரது மறுப்பினாற் திருத்தப்படல் வேண்டும். பிரட்டுக்குரிய அடியைச் சாவு வீட்டுக்குரிய அடியோடு கணனி கலந்துவிடுமாயின் அது கணக்குப் பிழையன்று. சமூகப் பொருள் அறியாத பிழை. அதனைத் திருத்தக்கூடியவர் அத்தொழிலாளியே. தமது கலையின் இலக்கணத்தைத் தாமே கூறி எழுதச் செய்பவராக அவர் மாறும்போது, இழிவின் அடையாளமாகக் கருதப்பட்டது அறிவின் சான்றாக மதிக்கப்படுவதற்கும் வழி பிறக்கும்.

லிஸ்ப் சார்புகள் இசைஞனை அகற்றிவிடும் என்ற அச்சமும், அவையே புதிய இசைஞன் என்ற வியப்பும் ஒருங்கே பொருத்தமற்றவை. அவை வாய்பாடுகளை எழுதிவைக்கும் ஒரு முறை. வாய்பாட்டை ஆக்கியது சமூகம். அதனை வாசித்துத் திருத்தும் உரிமையும் சமூகத்துக்கே உரியது. அவ்வுரிமை அடிப்பவன் கைக்கு எட்டுமாறு எழுதப்படும் சார்பே முற்போக்கான சார்பாகும்.